பதிமூன்று கணினிகளில் ஒரே ஆக்டோபஸ்

தேநீரில் ஐந்து கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வேன். மருத்துவர் திட்டுவார், என்னிடம் வேறு குறை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்றவனை விசாரிக்க நீங்கள் மூன்று பேர் குழுவாக வந்து உட்கார்ந்திருப்பது பெருமையாகத்தான் இருக்கிறது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அலெக்ஸாண்டிரியாவில் நம் கடலுயிரியல் துறைக்குப் பதிமூன்று லினக்ஸ் கணினிகள். நான் கணினி நிர்வாகியாக வருவதற்கு முன் அவரவர் கோப்புகள் ஏதோ ஒரே கணினியில் மாட்டிக்கிடக்கும்; அந்த நாற்காலியைப் பிடிக்கும் சண்டையில் ஓடிய ரத்தத்தில் மத்தியதரைக் கடலே சிவந்துபோயிற்று. நான்தான் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கட்டினேன். எந்தக் கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தாலும் அவரவர் கோப்புறை அங்கே வந்து நிற்கும்.

நெர்மீன் ஆறு வருடமாக ஆக்டோபஸ் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு மாத ஆய்வுக் கப்பலில் ஏறும் முன் என்னிடம் வந்தாள்.

"உஸ்தாத் ரிஃப்அத், ஆய்வேட்ட ஒரு பென் டிரைவ்ல போட்டுக்கவா?"

"எதுக்கும்மா? எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் இருக்கில்ல?"

"பதிமூணுலயும் இருக்கு."

"அப்புறம் என்ன பயம்?"

பதிமூன்று பிரதிகள் என்று நினைத்துக்கொண்டாள். சர்வரில் இருந்தது ஒன்றே ஒன்று. நான் பொய் சொல்லவில்லை.

தொண்ணூறு நாள் வராதவரின் கணக்கை மூடலாம் என்பது விதி. நான் எழுதிய விதிதான். மூடினேன். சர்வருக்கு ஆளின் பெயர் பொருட்டில்லை, கணக்கு எண்தான். நெர்மீனின் எண்ணையும் கோப்புறையையும் புதிதாக வந்த டாக்டர் இனாஸுக்குக் கொடுத்தேன். பென்சில்களைக்கூட உயர வரிசையில் அடுக்குகிற பெண்மணி. அன்றே கூப்பிட்டார்.

"உஸ்தாத், என் இடம் முழுக்க யாரோ ஆக்டோபஸ் வளத்து வெச்சிருக்காங்க. தொடச்சிடவா?"

"உங்க இடம் டாக்டர், உங்க இஷ்டம்."

மாற்றுப் பிரதி வைக்கும் வட்டை அதற்கு முந்தின வாரம்தான் சுத்தமாகக் கழுவி, ஓய்வில் விட்டிருந்தேன். பாவம், அதுவும் உழைத்துக் களைத்த ஜீவன்.

திரும்பி வந்த நெர்மீன் முதல் கணினியில் பார்த்தாள். பதிமூன்றாவது வரை பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏதாவது ஒண்ணுலயாவது இருக்கும்ல உஸ்தாத்?"

நானும் கூடவே உட்கார்ந்து சாயங்காலம் வரை தேடினேன்.

அவள் கணக்கை ஏன் மூடினேன் என்று கேட்கிறீர்கள். எல்லாக் கோப்புறைகளையும் திறக்கும் சாவி என்னிடம் இருந்தது, படிப்பேன். அவள் ஆய்வேட்டின் நன்றியுரையில் கேன்டீன் மஹ்ரூஸ் இருந்தான், மீன் சந்தைப் பூனை இருந்தது, செத்துப்போன ஆக்டோபஸ்கூட ஒன்று இருந்தது. நான் இல்லை.

அவள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதுகிறாளாம். போன வாரம் வழியில் பார்த்தபோது, உதவியாக இருக்கட்டுமே என்று, என் முழுப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.