ஜீரோ எழுதிய டிஸ்க்

கோவில்பட்டியில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஐயா. மத்தியானம் வீட்டுச் சோறு சாப்பிடலாம். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

எங்கள் கம்பெனி இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் செய்கிறது. அதன் மெயின்பிரேம் கம்ப்யூட்டரில் டிஸ்க்குகளைப் பராமரிப்பது என் வேலை. பழைய கோப்புகளை நீக்கும்போது, கவனக்குறைவாக ஒரு புதுக் கோப்பையும் சேர்த்து நீக்கிவிட்டேன். பழுதுள்ள பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும் விலாசமும் அதில் இருந்தன. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கேட்டு மூன்று மாதமாகச் சேகரித்தது. மறுநாள் முதல் அவர்களைக் கூப்பிட்டு மாற்றிக் கொடுப்பதாக இருந்தது. வேறு பிரதி இல்லை. பிரதி எடுத்து வைக்க வேண்டியவனும் நான்தான்.

நீக்கியதும் எல்லாம் போய்விடாது. டிஸ்க்கின் உள்ளடக்கப் பட்டியலிலிருந்து கோப்பின் பெயர் மட்டும் போகும். எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கும். மேலதிகாரி கிருஷ்ணவேணி மேடத்திடம் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் மீட்டிருப்பார்கள். என் வேலை போயிருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருந்தார்கள்.

டேப் என்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். டிஸ்க்கில் வேண்டிய இடத்துக்கு நேரே போகலாம். எங்கள் மதினி சுந்தரம்மாளுக்கும் நெஞ்சில் எங்கள் கம்பெனி பேஸ்மேக்கர் மிஷின்தான் வைத்திருந்தது. அவர் பெயரை மட்டும் தேடினேன். எப்போதும்வென்றான் என்ற ஊர்ப்பெயரோடு இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு யாராலும் எதையும் மீட்க முடியாதபடி, பழைய எழுத்தின் மேலேயே டிஸ்க் முழுவதும் ஜீரோ எழுதினேன். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று மேடத்திடம் சொன்னேன். அவர் நம்பி, மறுபடி முதலிலிருந்து சேகரிக்கச் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்து மதினி போன் செய்தார்.

"கொழுந்தனாரே, ரெண்டு நாளா கண்ணை இருட்டிக்கிட்டு வருது. இந்த மிஷினு ஒழுங்கா ஓடுதான்னு ஒங்க கம்பெனியில கேட்டுச் சொல்லுதீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் ஓடும், மதினி. வெயில்ல நிக்காதீங்க."

உண்மையைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கம்பெனி கேட்கும். சும்மா ஒரு தடவை மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அது பிறகுதான் தோன்றியது. இல்லை, அப்போதே தோன்றியது.

ஐந்தாம் நாள் உளுந்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே கரிசலில் குப்புற விழுந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை. பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். அண்ணன் சங்கிலிப்பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வெயில்ல நிக்காதீங்கன்னு நீ சொன்னியாம்லே. அவ கேக்கலியே."

அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. அதனால்தான் நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மதினியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பட்டியலில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்கள். அவர்கள் பெயரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஐயா. அவர்கள் விஷயத்தில் என் மனசாட்சியில் ஒரு குறையும் இல்லை.