நாற்பது நாள் ஈரல்

— நீ தர்றது அந்தச் சதையே இல்ல பாய். எத்தியோ வெட்டி என் தலையில கட்டிகினு கீற.

— யாராண்ட சொல்ற பொன்னுரங்கம்? ராயபுரம் மார்க்கெட்ல இருவது வருசமா கறி வெட்றவன் இந்த மஜீது. ஆட்டு ஒடம்புல எனக்குத் தெரியாத சதை ஒண்ணு கீதா?

— அப்போ நீலாவுக்கு ஏன் கொணமாவல? நாப்பது நாளாச்சு. நாப்பது நாளு!

— சபூர் பண்ணுப்பா, கொஞ்சம் பொறு. கறி வாங்க வந்தவங்கள்லாம் திரும்பிப் பாக்கறாங்கோ.

— பாக்கட்டும். என் பொண்டாட்டி சாவக் கெடக்கறா, எனக்கு இன்னா வெக்கம்? அவளப் பாத்த டாக்டரு உன் கடைக்கே வந்து சொன்னாரா இல்லியா?

— வந்தாரு. தொப்பியைக் கழட்டி வெச்சிட்டு, என் கத்தியாலயே தொட்டுக் காட்டினாரு. குரல்வளைக்குக் கீழ, மூச்சுக்குழல் ரெண்டு பக்கமும் ஒட்டிகினு, பேரீச்சம்பழம் மாதிரி கருஞ்செவப்பா. அது வரைக்கும் நான் அத்த நாய்க்குத்தான் போட்டுகினு இருந்தேன். நீலா துன்ன சீமை மாத்திரையே இத்தக் காய வெச்சு இடிச்ச தூளுதான்னாரு. எனக்கே சிரிப்பு வந்திச்சு. அதே சதைதான் தெனம் உனக்குத் தர்றேன். வேணும்னா தோ, இந்தக் கழுத்தை உன் கண்ணு முன்னால கீறிக் காட்டட்டா?

— வாணாம், வாணாம். உன்ன நம்பறேன். ஆனா அந்த மாத்திரை வேலை செஞ்சிச்சே பாய்! மூணு மாசம் துன்னா. மொகத்து வீக்கம் வடிஞ்சு, மறுபடியும் கூடையைத் தூக்கிகினு மீன் விக்கக் கெளம்பிட்டா. ஜப்பான்காரன் சண்டையில கப்பல் நின்னு போச்சு, மாத்திரையும் நின்னு போச்சு. இப்போ பழையபடி அடுப்பாண்டயே குந்திகினு குளுருது குளுருதுன்றா. குரலு தவளை கத்தறாப்பல கீது. ஒரு கேள்வி கேட்டா, அவ பதில் சொல்றதுக்குள்ள நான் ஒரு பீடி புடிச்சு முடிச்சுடலாம்.

— அவ கழுத்துல கீற அதே சதை காஞ்சு போச்சாம். அவ ஒடம்பு அத்த ஏன் காய வுட்டுச்சுன்னு டாக்டராண்ட கேட்டேன். அது தனக்கும் தெரியாதுன்னுட்டாரு.

— தெரியாம போவட்டும். இப்பிடியே வுட்டா, ஒரு நா தூங்கினவ எந்திரிக்க மாட்டான்னு சொல்லிகீறாரே! அத்த நெனச்சா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. அவ தூங்குவா, நான் அவ மூச்சு வருதான்னு பாத்துகினு குந்தியிருப்பேன்.

— அதுக்காவ இப்பிடியா ஆயிட்ட? மார்கழிக் குளுர்ல உன் சொக்கா தெப்பமா நனைஞ்சு கீது.

— கவலை பாய், கவலை. ஆறு வேளை துன்றேன், ஒட்ட மாட்டேங்குது. இடுப்புல வேட்டி நிக்கல. நேத்து வலை இழுக்கச் சொல்ல நெஞ்சு படபடன்னு அடிச்சு, கட்டுமரத்துலியே சாஞ்சுட்டேன். கூட வந்த மனோகரன் மட்டும் புடிக்கலேன்னா கடலு கொண்டு போயிருக்கும். அத்த வுடு. இனிமே தெனம் நாலு ஆட்டுது குடு.

— நாலா? ஆரம்பத்துல டாக்டரு சொன்னது வாரத்துக்கு ரெண்டு தபா, பாதி பாதி. அப்பால நீ வந்து தெனம் ஒண்ணுன்ன. பொறவு ரெண்டுன்ன. டாக்டரு ஏத்தச் சொன்னாருன்னு சொன்னதால தானே குடுத்தேன்?

— டாக்டரு சொல்லல. நான்தான் சொன்னேன்.

— அட பேமானி! என்னாண்டயே பொய்யி சொல்லி வாங்கினியா?

— அவ நாளுக்கு நாள் வீங்கிகினு போறா. நான் இன்னா பண்றது? பாதித் துண்டை வெச்சுகினு பாத்துகினு இருக்கச் சொல்றியா?

— டேய், அவரு போறப்போ என்னைத் தனியா கூப்ட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? அளவு மீறினா இதே சதை வெசம்னாரு. நெஞ்சு குதிரை மாதிரி ஓடும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மலையைத் துன்னாலும் ஒடம்பு எளைக்கும், கடைசில நெஞ்சு நின்னாலும் நின்னுடும்னாரு.

— அவளுக்கு நெஞ்சு ஓடுதா? அடிக்குதான்னே காதை வெச்சுத்தான் பாக்க வேண்டி கீது. வேர்வையும் இல்ல, எளைக்கவும் இல்ல. பத்தலேன்றேன், நீ மீறிச்சுன்ற!

— அதான் எனக்கும் புரியல. ஒய்ங்காத் துன்றாளா?

— ஆட்டுக் கழுத்துச் சதைன்னு சொன்னா வாந்தி எடுப்பா. ஈரல்னு சொல்லிப் பொட்டலத்தை அவ கையிலியே குடுத்துடறேன். ஈரலை எவளாச்சும் வாணாம்பாளா?

— தோ, தங்கச்சியே சட்டியைத் தூக்கிகினு வருது. அதாண்டயே கேட்டுடலாம். வாம்மா நீலா, குந்து. இந்த வீங்கின காலை வெச்சுகினு ஏம்மா இவ்ளோ தூரம் நடந்த?

— மெதுவா… வந்தேண்ணா. இது… பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடியாந்துச்சு. யோவ்… இந்தா. வழியிலியே… பசிச்சிருக்குமே உனக்கு.

— சோறு கெடக்கட்டும் நீலா. பாய் எத்தியோ கேக்கணுமாம்.

— உன் வூட்டுக்காரன் தெனம் தர்ற ஈரலை எப்பிடிம்மா ஆக்கற?

— நல்லெண்ணெயில… லேசா வதக்குவேன். அப்பிடித்தான் ஆக்கணும்னு… இது சொல்லிச்சு.

— பாத்தியா பாய்? சொன்னது சொன்னபடி செய்றா.

— இரு நைனா. அத்தினியும் நீயே துன்னுடறியா தங்கச்சி?

— அது… வந்துண்ணா…

— இன்னா முழிக்கற? சொல்லு புள்ள.

— திட்ட மாட்டியே?

— திட்டல, சொல்லு.

— மாத்திரை நின்னு போன பொறவு… பயமா இருந்துச்சுய்யா. உனக்குத் தெரியாம… தங்கப்பாண்டி வைத்தியராண்ட போனேன். லேகியம் குடுத்தாரு. ஒரு மண்டலம்… கவிச்சி வாயில வெக்கக் கூடாதுன்னு பத்தியம். இன்னும் எட்டு நாளு… கீது.

— மீனு கூடவா துன்னல? என் கண்ணுல படவே இல்லியே!

— நீ துன்னுட்டு எந்திரிச்ச பொறவுதான… நான் குந்துவேன். மோரு ஊத்தி… ரெண்டு வாய்.

— தங்கச்சி, அப்போ அந்த ஈரலு? நாப்பது நாளா வாங்கினது? பூனைக்குப் போட்டியா?

— ஐய… ஈரலை யாராச்சும்… பூனைக்குப் போடுவாங்களாண்ணா? கடலுக்குப் போற ஒடம்பு, தெம்பா இருக்கட்டும்னு… அத்தினியும் இது கொழம்புலதான் மசிச்சுப் போட்டுகினு வர்றேன். இந்தச் சட்டியில கூட… ரெண்டு கீது. ஆறிடப் போவுதுய்யா, துன்னு.