பொன்மணியின் குரலும் சிவப்பு விளக்கும்

“சிவப்பு விளக்கு எரிஞ்சா என்ன மாமா, ஆம்புலன்ஸா வரப்போகுது?”

“சிரிக்காதலே. அந்த வெளக்கைப் பாத்த பொறவு எங்க மச்சினன் புகழேந்தி இன்னைக்கு வரைக்கும் ஹெட்போன் மாட்டுறதில்ல.”

திருத்தங்கலில் ஒரு மைக்செட் கடை. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. பந்தல் வேலை முடிந்து வந்த பையன்கள் ஸ்பீக்கர் பெட்டிகளில் சாய்ந்து, ஒருத்தனை ஒருத்தன் ஒட்டி உட்கார்ந்தார்கள். மணிமுத்து குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தான்.

இரவு ஒரு மணி. வெம்பக்கோட்டைச் சாலை. ஊரைத் தாண்டி அம்மன் கோயில், அதையும் தாண்டினால் சீல் வைத்துக் கிடக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனி. நடுவில் ஒரு வீடுகூடக் கிடையாது. பங்குனிப் பொங்கல் முடிந்து சனம் கலைந்துவிட்டது. புகழேந்தி மட்டும் மேடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். கீழே காலி நாற்காலிகளுக்கு மத்தியில் வள்ளித்தாய்.

“சரி பண்ணிட்டியாய்யா?”

அவள் மகள் பொன்மணிதான் முளைப்பாரிக் கும்மிக்கு அடி எடுத்துக் கொடுப்பவள். போன பங்குனியில் பாடினாள். ஆடியில், அவள் வேலை பார்த்த அந்தக் கம்பெனி வெடித்தது... அவள் குரல் வேறு எதிலும் இல்லை. புகழேந்தியின் பதிவில் மட்டும்தான்.

அதிலும் இருந்ததென்று சொல்ல முடியாது. மைக்கிலிருந்து வருவது எறும்பு அளவு. மிக்சர் அதை யானையாக்கி வெளியே அனுப்பும். கம்ப்யூட்டரில் ஏற்ற, நடுவில் இன்டர்ஃபேஸ் என்று சின்னதாய் ஒரு பெட்டி. அதில் எறும்புக்கு ஓர் ஓட்டை, யானைக்கு ஓர் ஓட்டை. போன வருடம் அவசரத்தில், மிக்சர் வயரை மைக் ஓட்டையில் சொருகிவிட்டான். பெட்டி யானையை மேலும் பெருக்கியது. சத்தம் அளவு மீறினால் எரிகிற சிவப்பு விளக்கு கடைசிவரை அணையவே இல்லை. அவன் அதைப் பார்க்கவில்லை, கும்மியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்மணி பாடியதெல்லாம் சரவெடியாகப் பதிந்திருந்தது. படபட... படபட... அப்படி உடைந்த சத்தத்தை ஒட்டவைக்க யாராலும் ஆகாது.

அதைப் பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? “சரி பண்ணித் தாரேன் பெரியம்மா.” எட்டு மாதமாக இதையே சொல்லிவந்தான்.

இந்த வருடம் சரியான ஓட்டையில் சொருகினான். கும்மிப் பெண்கள் பொன்மணியின் அடியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொண்டு கை மட்டும் தட்டினார்கள். யாரும் பாடாத அந்த இடத்தில்தான் பெட்டியில் சத்தம் ஏறினால் துள்ளுகிற பச்சை விளக்கு ரொம்பத் துள்ளியது. காற்று என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது மைக்கெல்லாம் கழற்றியாகிவிட்டது. மிக்சரை அணைத்தாகிவிட்டது. லேப்டாப் பேட்டரியில் பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது.

பச்சை துள்ளியது... நின்றது... துள்ளியது. கும்மியின் தாளம்.

புகழேந்தி வயரைப் பெட்டியிலிருந்தே உருவினான். துள்ளல் நிற்கவில்லை.

ஹெட்போனை மாட்டினான். முளைப்பாரித் தழையின் ஈரவாடை. அதற்கு அடியில் கருகிய வெடிமருந்து. தூரத்தில் கைத்தட்டு... பிறகு கொசு மூச்சு அளவுக்கு ஒரு குரல். அடி எடுத்துக் கொடுக்கிற குரல்.

சத்தம் கூட்டுகிற கெயின் குமிழைத் திருகினான். உஸ்ஸென்ற இரைச்சல்தான் ஏறியது. குரல் அதே கொசு அளவு. ஆனால் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனது. மஞ்சளிலிருந்து சிவப்புக்கு. சிவப்பு அப்படியே நின்றது. இன்னும் ஒரு மயிரிழை கூட்டினால் உடைந்துவிடும். போன வருடம் மாதிரியே...

“என்னய்யா கேக்குது? எம் பிள்ளையா?” வள்ளித்தாய் மேடையேறி வந்திருந்தாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம்.

“ஒண்ணுங் கேக்கலயேய்யா...”

திரும்பக் கொடுத்துவிட்டாள்.

புகழேந்தி அதைக் காதருகே கொண்டுபோனான். பாட்டு நின்றிருந்தது. கைத்தட்டும் இல்லை. காதுக்குள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“அம்மாவுக்குக் கேக்கலயாம்ணே... இன்னுங் கொஞ்சம் கூட்டி விடுங்க...”