பச்சை பெயிண்டில் நான்கு அடுக்கு

என் பெயர் செரீனா, தந்தை பெயர் அருள்சாமி. வயது 21. பிரிஞ்சாங் மலையூர் அருகே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாம் லயம், 11ஆம் எண் வீடு. தடயவியல் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்த வேலை எனக்கு ஒத்துவருமா என்று அறிய, கடந்த மார்ச் 3 முதல் எட்டு வாரம் தடயவியல் ஆய்வகத்தில் ஆய்வாளர் திருமதி ஜெயாவின் வழிகாட்டலில் இருந்தேன். உடனிருந்து பார்க்கலாம், குறிப்பு எழுதலாம். சான்றுப் பொருளைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

மார்ச் 18 காலை இரண்டு பெயிண்ட் துண்டுகள் ஆய்வுக்கு வந்தன. ஒன்று, கோலா தெர்லா சாலையில் லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனதில் கால் முறிந்த திருச்செல்வம் என்பவரின் மோட்டார் சைக்கிளில் ஒட்டியிருந்தது. மற்றது, அதற்காகக் காவலில் வைக்கப்பட்டிருந்த காய்கறி லாரி ஓட்டுநர் கோகிலனின் லாரியில் சுரண்டியது. இரண்டும் ஒரே பச்சை. திருமதி ஜெயா "ஒத்துப்போகிறது" என்று குறித்துவிட்டு, என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்.

நான் துண்டின் ஓரத்தைப் பார்த்தேன். மோட்டாரில் கிடைத்ததில் பச்சை, அதன் கீழே வெள்ளை, மஞ்சள், சாம்பல் என மொத்தம் நான்கு அடுக்குகள் இருந்தன. கோகிலனின் லாரியில் பச்சையும் சாம்பலும் மட்டுமே. மூன்று முறை எண்ணினேன். அதன் பின்னர், "மேடம், இது அந்த லாரி இல்லன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"ஒரு எடத்துல சுரண்டுனத வச்சு அப்படிச் சொல்ல முடியாதுலா. இன்னொரு பக்கம் மறுபடி பெயிண்ட் அடிச்சிருந்தா?" என்று அவர் கேட்டார்.

"அப்ப எல்லாப் பக்கமும் எடுத்துப் பாத்துடலாம் மேடம்" என்றேன். மேலும் மாதிரிகள் எடுக்க அனுமதி கேட்டு அவர் அன்றே விசாரணை அதிகாரிக்கு எழுதினார்.

மார்ச் 20 அன்று காவல் நிலைய வளாகத்தில், என் முன்னிலையில், திருமதி ஜெயா அந்த லாரியில் ஒன்பது இடங்களில் பெயிண்ட் எடுத்தார். கோகிலனின் மனைவி ரூபினி சாப்பாட்டுப் பாத்திரத்துடன் நின்றிருந்தார். "தங்கச்சி, அவரு இடிக்கலலா, இந்தப் பெயிண்டுல தெரிஞ்சிருமா?" என்று என்னிடம் கேட்டார். பேசக்கூடாது என்பது விதி. குறிப்பேட்டில் அடுத்த இடத்தின் எண்ணை எழுதினேன். மறுநாள் திருமதி ஜெயாவும் நானும் தனித்தனியாக எண்ணி, தாள்களை ஒப்பிட்டோம். ஒன்பதிலும் இரண்டே அடுக்கு. அவர் "ஒத்துப்போகிறது" என்ற சொல்லை என் கண்முன்னே அடித்து, அருகில் கையெழுத்திட்டார். அதன் பின்னர் கோகிலன் விடுவிக்கப்பட்டார்.

மார்ச் 27 அன்று, கியா பார்ம் அருகே ஒரு கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த வேறொரு பச்சை லாரியின் பம்பர் கொண்டுவரப்பட்டது. அதில் நான்கு அடுக்குகளும் இருந்தன. பெயிண்ட் பெயர்ந்த இடத்தின் விளிம்போடு மோட்டாரில் கிடைத்த துண்டின் விளிம்பு வளைவுக்கு வளைவு பொருந்தியது. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டிராத திருமதி ஜெயா, "பொருந்திருச்சு செரீனா!" என்று கூவினார். பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அந்த லாரியை ஓட்டியவர் அன்று மாலையே கைதானார்.

திருமதி ஜெயாவின் ஆய்வு அறிக்கையில், அடுக்கு வேறுபாட்டை முதலில் கண்டவர் மாணவி செரீனா என்று ஒரு வரி உள்ளது. அதை நான் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, கொழுந்து பறிக்கும் என் அம்மா பிலோமி, "நாளைக்கிக் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பெரட்டுல பேர் கூப்புடுறப்ப எல்லாருக்கும் சொல்லப்போறேன்" என்றார்.

இத்துறையில் தொடர்வாயா என்று இதைப் பதிவு செய்யும் அதிகாரி கேட்டார். தொடர்வேன் என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் சொன்னதும் இதுவே. கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை.

(ஒப்பம்)
அ. செரீனா