நாலு மணிக்கு முந்தி ஆறு இலக்கம்

— இல்ல மகள், நான் இரிக்க வரல்ல. அந்தப் பேர இந்தக் கொம்பியூட்டரில இரிந்து அழிச்சிட்டீங்கண்டா பேசாமப் போயிருவன்.

— யார்ட பேர் மாமா?

— என்ட பொஞ்சாதிட பேர். மைமூனா. மருதமுனை அப்துல் ஸமட் மரைக்கார்ட வீட்டுப் பொம்புளைட பேர் உங்கட கெம்பஸ் கொம்பியூட்டரில கெடக்கு.

— ஆ, மைமூனா மாமியா? போன கிழமை வந்து இந்தக் கதிரையிலதான் இரிந்தாங்க. வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டுக் குடுத்தது நான்தான். இண்டைக்குக் காலையில தெரிவாகிட்டாங்க. மாமிக்குச் சொல்லுங்க...

— அவக்கெங்க சொன்ன? உங்கட மெசின் எனக்கெல்லோ சொல்லியிரிக்கி. வயல் வட்டையில அறுப்பு. வரம்பில நிக்கன், போன் அடிச்சிச்சி. கண்ணாடி வீட்டில. வயல் பாக்கிற முல்லைக்காரன் குணத்துக்கிட்ட வாசிக்கக் குடுத்தன். அவனுக்கு மெதுவா வாசிக்கத் தெரியா. ‘திருமதி மைமூனா, வாழ்த்துக்கள், தமிழ் கலைமாணிப் பட்டநெறிக்குத் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள்.’ அறுப்பு மெசினோட வந்த நாலு பேரும் கேட்டுக்கிட்டு நிக்காங்க.

— என்ன சொன்னாங்க?

— கை தட்டினாங்க.

— நல்லந்தானே மாமா.

— என்ன நல்லம்? பள்ளிவாசல்ல எங்கட குடிக்கு நான் மரைக்கார். ஒரு வீட்டில புருஷன் பொஞ்சாதி பிரச்சின எண்டா எனக்கிட்டத்தான் தீர்ப்புக்கு வருவாங்க. என்ட வீட்டுச் செய்திய முல்லைக்காரன் வாசிச்சி நான் கேக்கிறயா? அவக்கு வயசு அம்பத்திமூணு. மகளக் கட்டிக் குடுத்து மருமகன் எடுத்த வீடு. யார்ட புள்ள நீங்க? உங்கட வீட்டில இப்பிடி நடக்குமா?

— சம்மாந்துறை மாமா. பேர் றுமானா. எங்கட உம்மாவக் கேட்டுப் பாத்தன், அவ வரமாட்டாவாம். இந்தப் போர்ட்டல் தொடங்கி இண்டைக்கு இருபத்தியொரு நாள். நான்தான் செஞ்ச. ‘நம்மட ஊராக்கள் இதில கை வெக்கமாட்டாங்க, பழையபடி பேப்பர் போம் குடுங்க’ எண்டு கூட்டத்தில எல்லாரும் சொன்னாங்க. இதில ரெண்டாவதாப் பதிஞ்சவங்க மாமிதான்.

— மொதல்ல பதிஞ்சது ஆரு?

— நான். சரியா ஓடுதாண்டு பாக்க என்ட பேரப் போட்டன்.

— அப்ப மொத ஆளே என்ட பொஞ்சாதிதான். வேற பேர் கெடைக்கல்ல உங்களுக்கு. சரி, அழியுங்க.

— அழிக்கத் தேவையில்ல மாமா. அந்த மெசேஜ்ட அடியில ஆறு இலக்கம் இரிக்கி. அத இண்டைக்கு நாலு மணிக்கு முந்தி இதில போட்டாத்தான் இடம் உறுதியாகும். போடாட்டித் தன்னால விழுந்திரும்.

— நான் ஒண்டும் செய்யத் தேவையில்லயா?

— ஒண்டும் தேவையில்ல. வீட்ட போங்க. நாலு மணிக்குப் பொறகு மாமிட பேர் இதில இரிக்காது.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— போங்கண்டு சொல்லிட்டு என்னத்துக்கு என்னப் பாக்கிறீங்க?

— நீங்க போகல்லயே மாமா.

— கால் நோகுது. அந்தக் கதிரைய இஞ்சால இழுங்க. இப்ப மணி என்ன?

— மூணே முக்கால்.

— நான் ஒண்டு கேக்கன். கடிதம் போட்டா என்ன உங்களுக்கு? அந்தக் காலத்தில கெம்பஸ்ல இரிந்து கடிதம்தானே வாற. போனுக்கு அனுப்பி மனிசர்ட மானத்த வாங்கிறீங்க.

— கடிதம் பாதிப் பேருக்குப் போய்ச் சேரல்ல மாமா. போனாலும் பொம்புளப் புள்ளையள்ட கைக்குக் குடுக்காம வீட்டாக்கள் வெச்சிக்கிட்டாங்க. அதுக்குத்தான் இந்த ஏற்பாடே.

— எல்லா வீட்டிலயுமா அப்பிடி?

— எல்லா வீட்டிலயும் இல்ல.

— கதவக் கொஞ்சம் சாத்துங்க மகள்.

— ஏசி இல்ல மாமா, வேர்க்கும்.

— வேர்த்தா வேர்க்கட்டும். தொண்ணூற்றிரண்டில அவக்கு ஒரு கடிதம் வந்த. மலைநாட்டுப் பக்கம் ஒரு கெம்பஸ்ல இடம் கெடச்சிரிக்கெண்டு. கலியாணம் முடிச்சி எட்டு மாசம். தபால்காரன்ட கையில நான்தான் வாங்கின.

— மறுகா?

— காலம் சரியில்ல. பாதையில போன பஸ் திரும்பி வருமாண்டு தெரியாத காலம். ஒருத்தரும் பொம்புளப் புள்ளைய அனுப்பமாட்டாங்க.

— அதாலயா குடுக்கல்ல?

— அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்ட. பாதை சரியில்ல எண்டது உண்மை. நான் பத்தாம் வகுப்போட நிண்டவன் எண்டதும் உண்மை. பொஞ்சாதி படிச்சவ, புருஷன் படிக்காதவன் எண்டு ஊர் கதைக்கும். அது எனக்கு ஏலாமப் போச்சி.

— மாமிக்கு என்ன சொன்னீங்க?

— கடிதம் வரல்ல எண்டன். நம்பிட்டா. ஒரு மாசம் தபால்காரன் வாற நேரத்துக்கு வாசல்ல வந்து நிண்டா. மறுகா நிக்கல்ல. இண்டை வரைக்கும் அவக்குத் தெரியா. கடிதம் அலுமாரியில காணி உறுதிப் பத்திரங்களோட இரிக்கி. எரிக்கவும் மனம் வரல்ல. இத ஒருத்தருக்கும் நான் சொன்னதில்ல. நீங்களும் அவக்குச் சொல்லப்படாது.

— நான் சொல்லத் தேவைப்படாது மாமா. நாலுக்கு இன்னம் பதினொரு நிமிசம்.

— ஊர் என்ன கதைக்கும்?

— வட்டையில கை தட்டினாங்கெண்டு நீங்கதானே சொன்ன.

— குணம் கேட்டான், ‘மரைக்கார், அக்கா பட்டம் எடுத்தா எங்களுக்குக் கந்தூரிச் சோறு உண்டா’ எண்டு. நான் ஏசிப்போட்டன். அவன் அப்பயும் சிரிச்சிக்கிட்டுத்தான் நிண்டான்.

— சோறு குடுக்க மூணு வருஷம் இரிக்கி மாமா. இப்ப எட்டு நிமிசம்தான்.

— அவ படிச்சிருவாவா?

— விண்ணப்பத்தில ஒரு பந்தி எழுதணும், ஏன் படிக்கப் போறீங்கெண்டு. எங்கட விரிவுரையாளர் அத வாசிச்சிட்டு, இத எழுதினவ எந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர் எண்டு கேட்டாங்க.

— நீங்க என்ன சொன்ன?

— மரைக்கார்ட வீட்டுக்காரி எண்டன்.

— ம். போனத் தாங்கண்டு கை நீட்டாதீங்க. ஒருக்கா இன்னொருத்தன் வாசிச்சது காணும். இத நான் வாசிக்கன்.

— கண்ணாடி வீட்டில எண்டீங்க?

— வீட்ட போய் எடுத்துக்கிட்டுத்தான் வந்த.

— அப்ப சொல்லுங்க மாமா.

— அஞ்சு. பூச்சியம். எட்டு. இன்னொரு எட்டு. மூணு. ஒண்டு.

— பொறுங்க, வட்டம் சுத்துது. இந்த நேரம் பாத்து நெட் இழுக்கும்.

— இழுக்கப்படாது. திரும்ப அமத்துங்க. நாலுக்கு என்ன இரிக்கி?

— மூணு நிமிசம். அமத்தினா ரெண்டு தரம் போயிரும். பொறுங்க. பொறுங்க மாமா... பச்சை விழுந்திட்டு. இடம் உறுதி.

— அல்ஹம்துலில்லாஹ். மகள், ஒண்ட மட்டும் கவனிச்சீங்களா? எங்கட மகள்ட நம்பர் இரிக்கி, மகன்ட நம்பர் இரிக்கி. ரெண்டையும் விட்டுப் போட்டு என்ட நம்பரக் குடுத்திரிக்கா. ஒளிச்சிச் செய்யல்ல. புருஷன்ட கையால நடக்கட்டும் எண்டு நெனச்சிரிக்கா. அதுதான் எங்கட வீட்டு மரியாத.

— நான் மொதல்ல மகள்ட நம்பரத்தான் போட்ட. மாமிதான் வெட்டச் சொன்னாங்க.

— பாத்தீங்களா. என்ன சொல்லி வெட்டச் சொன்ன?

— ‘முந்தி வந்த கடிதம் இன்னம் அவர்ட அலுமாரிக்குள்ளதான் இரிக்கி மகள், இதையும் அவர்ட கைக்கே அனுப்புங்க, இந்த முறை தருவார்’ எண்டாங்க.