ஜன்னலோரம் கிடந்த நூல்கண்டு

இப்போதெல்லாம் ஜனங்கள் ஒரு சட்டையைத் தானம் கொடுப்பதற்கு முன்னால் அதிலிருக்கிற பொத்தான்களை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஐம்பது வருஷம் தையல் மிஷின் மிதித்தவன் கண்ணுக்குத்தான் அது படும். வாங்குகிறவன் நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு குளிரில் நடக்கட்டும், பொத்தான் நம் வீட்டு டப்பாவில் பத்திரமாக இருக்கட்டும். அதுதான் இந்தக் காலத்துத் தர்மம்.

அதிகாரித் தம்பி, நேற்று என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். இன்று உங்கள் ஆபீசில் உட்காரவைத்து, வெள்ளைத்தாளைக் கொடுத்து, அதையே எழுதச் சொல்கிறீர்கள். மண்சரிவு நடந்த ஊருக்கு எங்கள் குடியிருப்பிலிருந்து போன பன்னிரண்டு ஒட்டுப்போர்வைகளில் எத்தனை போர்வை கெட்ட நூலில் தைத்தது? அதுதான் கேள்வி. "அங்க இன்னும் மழை விடல பெரியவரே. ரோடும் இல்ல. ஆளுங்கள அந்தப் போர்வையிலதான் தூக்கி இறக்குறாங்க. சீக்கிரம் சொல்லுங்க" என்றீர்கள். நேற்று 'ஒன்று' என்றேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். மெதுவாகத்தான் எழுதுவேன். பதறாதீர்கள்.

எல்லாம் டீச்சரம்மாவின் யோசனை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பிரம்பைக் கீழே வைக்காத அம்மா அது. வீட்டுக்கு ஒரு சதுரம், ஒன்றரை ஜாண் அகலம், மூலையில் கொடுத்தவர் பெயர். இருபத்து நான்கு சதுரம் சேர்ந்தால் ஒரு போர்வை. வந்த சதுரங்களைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு தலையணை உறை, பூச்சி அரித்த ஜன்னல் திரை, முட்டி தேய்ந்த கால்சட்டை. ஆனால் பெயர் மட்டும் பட்டு நூலில் பளபளவென்று. ஒருத்தி தன் பெயரோடு புருஷன் பார்க்கிற உத்தியோகத்தையும் பின்னியிருந்தாள். ஆற்றிலே போகிற தண்ணீர், ஐயா குடி அம்மா குடி என்கிற கதைதான்.

நானும் ஒரு சதுரம் தைத்தேன். இந்தக் கூத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றாலும் தைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு காப்பிக்கலர் போர்வை, நானே தைத்தது, அதன் நடுப்பாகத்தை வெட்டினேன். ஓரம் இரண்டு மடிப்பு, சுற்றிலும் நாலு வரிசைத் தையல். பெயர் போடவில்லை. எடுத்துக்கொண்டுபோய்க் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கொடுத்தேன்.

டீச்சரம்மா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "என்ன டெய்லரய்யா, இப்படி மங்கலா இருக்கே? போட்டோவுல எடுபடாதே."

பக்கத்தில் இருந்த அவருடைய நாத்தனார், "எடுபடாட்டி பரவால்ல அண்ணி, எழவு வீட்டுத் துணி மாதிரில்ல இருக்கு. அங்க இருக்கிறவங்க ஏற்கெனவே அழுதுட்டு இருக்காங்க" என்றாள்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கிழவனுக்குக் கோபம் என்பார்கள்.

நாலு நாள் கழித்துப் போனேன். என் சதுரம் டீக்கெட்டிலுக்கு அடியில் கிடந்தது, சூடு மேஜையில் படாமலிருக்க. எடுத்து உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். டீச்சரம்மா அதைப் பார்க்கவில்லை. "டெய்லரய்யா, எல்லாத்தையும் சேத்துத் தைக்கிற வேலைக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?" என்றார்.

"செஞ்சிட்டாப் போச்சும்மா" என்றேன்.

தம்பி, நூலைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் சொல்கிறேன். நூலை இரண்டு கை விரலிலும் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும். நல்ல நூல் என்றால் அறுவதற்கு முன்னால் விரலை அறுக்கும். இற்றுப்போன நூல் சத்தம்கூடப் போடாமல் விட்டுவிடும். என்னிடம் ஒரு பெரிய கண்டு இருந்தது. பல வருஷமாக ஜன்னலோரத்தில் வெயில் குடித்தது. பார்வைக்குப் புதுசு மாதிரி வெள்ளையாக இருக்கும். தைத்தால் தையல் நேராக, அழகாக விழும். அதைத்தான் மிஷினில் மாட்டினேன்.

என் மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, இது ஜன்னலோரம் கிடந்த கண்டுல்ல? தொட்டா விடுதே."

"போத்திக்கிட்டுத் தூங்குறதுக்கு இது போதும். நீ போய் உலைய வை."

அவள்தான் உங்களிடம் சொன்னாள் என்று தெரியும். சொல்லட்டும். பெற்றவனைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் காலத்து வழக்கம்தான்.

அனுப்புகிற அன்றைக்குப் பன்னிரண்டு போர்வைகளையும் கூடத்தில் விரித்துப் போட்டார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து குனிந்து தன் பெயரைத் தேடினாள். கண்டுபிடித்ததும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், இரண்டு சதுரம் சேர்கிற ஒரு மூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்திருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லி, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்திருப்பேன். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கொடுக்கிறவனாவது பார்க்கலாம் அல்லவா?

முதல் சலவையில் பிரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் வரும், டீச்சரம்மா அதைப் படிக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். என் ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை.

அங்கே சலவைக்கு முன்னால் வேறு வேலை வந்துவிட்டது. முகாமில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி. வண்டி மேலே வர வழியில்லை. போர்வையில் படுக்கவைத்து நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஓடைமேல் போட்டிருந்த பலகையில் நடக்கும்போது நடுமூட்டு திறந்துகொண்டதாம். தாயும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை என்றீர்கள். பாதிப் போர்வையை என் முன்னால் போட்டீர்கள். துணி ஒன்றுகூடக் கிழியவில்லை. நாத்தனாரின் பெயர் பட்டு நூலில் அப்படியே இருந்தது. மூட்டு மட்டும் மேலிருந்து கீழ்வரை சுத்தமாகப் பிரிந்திருந்தது. இற்ற நூலானாலும் தையல் கோணவில்லை, பார்த்தீர்களா?

உங்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். போர்வை என்பது போர்த்துவதற்கு. அதில் ஆளைத் தூக்குவார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காப்பிக்கலர் போர்வையைப் பற்றியும் நேற்றுக் கேட்டீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் என் மனைவிக்கு மூச்சு முட்டிய அன்றைக்கு லிப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி. அந்தப் போர்வையில் படுக்கவைத்து, நாலு மூலையை நாலு பேர் பிடித்து இறக்கினோம். ஒரு மூலை நான். அவள் கனத்த உடம்புக்காரி. ஒரு தையல் அசையவில்லை. அவள் உயிர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போனது, படிக்கட்டில் இல்லை. இரண்டாம் மாடியில் டீச்சரம்மா கதவைத் திறந்து, செருப்பை ஓரமாகத் தள்ளி, எங்களுக்கு வழிவிட்டார். அதே துணியைத்தான் மங்கலாக இருக்கிறது என்றார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டு. பன்னிரண்டும் அந்த ஒரே கண்டுதான். மீதி பதினொன்றும் அப்படித்தான் திறக்கும். நேற்று 'ஒன்று' என்று சொன்னதற்குக் காரணம், நீங்களாவது மற்றதை இழுத்துப் பார்க்கச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான். சொல்லவில்லை. கிழவன் சொன்னதைக் குறித்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரு நாள் முழுக்க வீணாகப் போனது என்னால் இல்லை.

பதிமூன்றாவதாக ஒரு போர்வை உண்டு. மிஞ்சிய துண்டுகளில் தைத்தேன், நடுவில் என் காப்பிக்கலர் சதுரம். என் கட்டிலில் கிடக்கிறது. அதற்குப் புதுக் கண்டு வாங்கி, மூட்டுக்கு மூட்டு இரட்டைத் தையல் போட்டேன். எனக்கும் வயசாகிறது, லிப்ட் இன்னும் சரியாக ஓடவில்லை.

இதைப் படித்ததும் நீங்கள் அந்த ஊருக்குப் போன் போடுவீர்கள். போடுங்கள். வாசலில் டீச்சரம்மா அழுதுகொண்டு நிற்கிறார், என்னோடு பேச வேண்டுமாம். எனக்கு அவரோடு பேச ஒன்றும் இல்லை. பேனாவை மேஜையில் வைத்துவிடுகிறேன், மூடியைப் போட்டுத்தான் வைப்பேன். நான் வீட்டுக்குப் போகிறேன், வந்து பிடிக்க வேண்டுமென்றால் வந்து பிடியுங்கள். நீங்கள் என்ன எழுதிக்கொண்டாலும் சரி, என்மேல் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. நான் கொடுத்ததில் ஒரு பொத்தானைக்கூட வெட்டிக்கொள்ளவில்லை.