கூரைக் கதவு

சாயங்காலம் ஐந்தரை மணி. ஒரே ஒரு வீட்டோடு முடிந்துபோகும் சாலை. அதற்கப்பால் வெறும் பொட்டல்... என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்தே செம்புக் கூரை வேலை செய்கிறவர்கள். பச்சை பிடித்த தகட்டை அமிலம் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவிட்டு, பனி இறங்குமுன் வார்னிஷ் அடித்துவிட வேண்டும். அந்த வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. வெளியூரிலிருந்த வீட்டுக்கார அம்மா சாவியை மட்டும் அனுப்பியிருந்தார்.

சரிவின் ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டே பின்வாங்கி, உச்சியிலுள்ள கூரைக் கதவைத் தூக்கி, பரணுக்குள் இறங்கிவிடுவார் சித்தப்பா. அன்று இரண்டு முழம் பாக்கி இருக்கும்போது வார்னிஷ் தீர்ந்தது.

"வாங்கிட்டு வந்துடறேன். அதுக்குள்ள விழுந்து கிழுந்து வைக்காதீங்க!" கீழேயிருந்து கத்திவிட்டு, சித்தி ஸ்கூட்டரில் கிளம்பினார்.

டொப்...

திறந்திருந்த கதவு மூடிக்கொண்டது. காற்றே இல்லை.

கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. சுற்றிலும் ஈர வார்னிஷ். கால் வைத்தால் வழுக்கி, நேராக மூன்று மாடி கீழே.

பரணுக்குள் காலடிச் சத்தம். அதற்குள் வந்துவிட்டாளா?

"ஏய், விளையாடாத. திற!"

இரண்டு கையாலும் இழுத்தார். ஒரு விரல் அகலம் திறந்தது... நெடுநாள் பூட்டிய துணிப்பெட்டியின் வாடை குப்பென்று வந்தது. மறுநொடி, உள்ளிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்து மூடினார்கள்.

நிமிர்ந்தார். தூரத்தில், சாலையில்... சித்தியின் ஸ்கூட்டர். அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

"உள்ள வராத! வராத!"

தொண்டை கிழியக் கத்தினார். ஹெல்மெட்டுக்குள் என்ன கேட்கும்? சித்தி வண்டியை நிறுத்தினார். வாசல் கதவு கிறீச்சிட்டது. படிகளில் செருப்புச் சத்தம். முதல் மாடி... இரண்டாவது... பிறகு பரண். சத்தம் நின்றது.

கதவு சுலபமாகத் திறந்தது. சித்தியின் தலை தெரிந்தது.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? திறந்துட்டு வரவேண்டியதுதானே? இதுக்குத் தாழ்ப்பாளே கிடையாதே!"

டின்னை அங்கேயே போட்டுவிட்டு, சித்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். அந்த இரண்டு முழம் இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டார். உள்ளேயிருந்து கதவை இழுத்ததைச் சொன்னார். மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி...

"ஒருத்தர்தான் இழுத்தாரா... இல்ல, ரெண்டு பேருமா?"